ஏப்ரலில் நாங்கள் செய்யாதது

மைராம்கான் அக்கா எங்கள் பால் ஆலையில் ஆய்வுக்கூடத் தலைவி. நான் ஓஸ்கோன், அதே ஆலையில் குளிர்ப்பெட்டி வண்டி ஓட்டியவன். டலாஸ் பள்ளத்தாக்கில் அக்காவைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். ஆனால் எல்லோரும் ஆகஸ்ட் மாதத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னால் நடந்தது யாருக்கும் வேண்டாததாகப் போய்விட்டது. எனக்குத் தெரியும் என்பதால் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆலையின் பெயர் அக்-உலாக், வெள்ளை ஆட்டுக்குட்டி. தயிர் டப்பாவின் மூடியில் ஒரு குட்டி கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். மாட்டுப் பாலை விற்பவனுக்கு ஆட்டுக்குட்டி எதற்கு என்று கேட்டால், முதலாளி சபிர்குல் சிரித்துக்கொண்டே, "நான் கன்னுக்குட்டிதான் வரையச் சொன்னேன். வரைஞ்சவனுக்கு இவ்வளவுதான் வந்துச்சு" என்பார். இரண்டு பால் தொட்டிகளோடு ஆரம்பித்தவர் அவர். நான் சேரும்போது ஆலையில் அறுபது பேர் இருந்தார்கள்.

அந்தப் பெயருக்கு அப்போது இருந்த மதிப்பைச் சொன்னால் இன்றைக்கு நம்பமாட்டார்கள். ஒரு ஜனவரியில் என் வண்டி பனியில் சறுக்கி வாய்க்காலில் இறங்கிவிட்டது. அரை மணி நேரத்தில் பக்கத்துக் கிராமத்திலிருந்து டிராக்டரோடு பதினோரு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் கையில் தேநீர்க் கெண்டி. "குட்டி வண்டியாச்சே, விட்டுட்டுப் போக முடியுமா?" என்றார். போக்குவரத்துப் போலீஸ் என்னை நிறுத்தியதே இல்லை. டப்பா அடைக்கும் பிரிவுப் பெண்கள் வேலை முடிந்ததும் வெள்ளைக் கோட்டைக் கழற்றாமல் கடைத்தெரு வழியாக நடப்பார்கள். கோட்டு வெளியே போகக்கூடாது என்பது விதி. மைராம்கான் அக்கா கதவருகே நின்று திட்டுவார்.

"கழட்டுங்கடி! தூசியெல்லாம் இதுலதான் ஒட்டும்."

"கடைத்தெரு முனை வரைக்கும்தான் அக்கா. நாளைக்கு வெளுத்துடறோம். நாலு பேரு பார்த்தாதானே மாப்பிள்ளை வரும்?"

வெண்ணெய் வைத்திருந்த அறைக்குப் பூட்டே கிடையாது. யாரும் எடுத்ததில்லை. எடுக்கக்கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. அக்-உலாக்கில் வேலை பார்ப்பவர்கள் எடுக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

ஆலையில் முக்கியமான வேலை குழாய் கழுவுவது. தினமும் மாலை, பாலும் தயிரும் ஓடிய குழாய்களிலும் டப்பா நிரப்பும் இயந்திரத்திலும் முதலில் காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரை ஓட விடவேண்டும். பிறகு அமிலம், பிறகு வெறும் தண்ணீர். நாற்பது நிமிடம். வளைவுகளைக் கழற்றிக் கையால் தேய்க்கவேண்டும். யாரும் பக்கத்தில் நின்று பார்ப்பதில்லை. அதைப் பத்தொன்பது வருடமாகச் செய்தவள் ஜிபார். குட்டையான உருவம், உரத்த குரல். "ஜிபார் கழுவின குழாயில கண்ணாடி பார்த்துச் சவரம் பண்ணலாம்" என்பார் சபிர்குல். "பண்ணுங்க, ஆனா முடி விழுந்துச்சுன்னா உங்களையும் சேர்த்துக் கழுவுவேன்" என்பாள் அவள்.

போன வருடம் ஏப்ரலில், நகரத்து மழலையர் பள்ளி ஒன்றில் பத்தொன்பது குழந்தைகளுக்கு ஒரே நாளில் வாந்தியும் வயிற்றுப்போக்கும். காலையில் கஞ்சி, ரொட்டி, எங்கள் இனிப்புத் தயிர் சாப்பிட்டிருந்தார்கள். ஒரு குழந்தையின் அப்பா மருத்துவமனை வாசலில் நின்று கையில் எங்கள் டப்பாவைத் தூக்கிக் காட்டிப் பேசி அலைபேசியில் படம் பிடித்து அனுப்பினார். அழுதுகொண்டே பேசினார். அந்த ஆளைக் குறை சொல்ல என்னால் முடியாது. மாலைக்குள் பள்ளத்தாக்கு முழுவதும் அதைப் பார்த்துவிட்டது.

சுகாதாரத் துறையினர் வந்தார்கள். பதினோரு நாள் ஆலையைக் குடைந்தார்கள். தயிர், பால், குழாய், எங்கள் கை நகம் வரைக்கும் எடுத்துப் பரிசோதித்தார்கள். கடைசியில் பள்ளியின் தண்ணீர்த் தொட்டிக்குள் கழிவுநீர் கசிந்திருந்தது தெரிந்தது. கிருமி அதில்தான் இருந்தது. எங்கள் தயிரில் ஒன்றுமில்லை என்று இரண்டு பக்கத் தாளில் முத்திரை வைத்துக் கொடுத்தார்கள்.

அந்தத் தாளை நகலெடுத்துக் கடை கடையாக ஒட்டியவன் நான்தான். அநேகமாக ஒருவரும் படிக்கவில்லை. படித்தவர்கள், "பணம் கொடுத்தா எந்தத் தாளும் கிடைக்கும்" என்றார்கள். சந்தையில் என் வண்டி நுழைந்தால், "விஷ வண்டி வந்துடுச்சு, மூக்கைப் பொத்திக்குங்க" என்று காய்கறிக்காரர்கள் கத்துவார்கள். முதலில் நானும் பதிலுக்குக் கத்தினேன். பிறகு விட்டுவிட்டேன்.

மைராம்கான் அக்கா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தன் சொந்த வேலையாகச் சந்தைக்கு வந்து, ஒரு பெட்டித் தயிரைத் திறந்து வைத்து, எல்லோர் முன்னாலும் டப்பா டப்பாவாகச் சாப்பிடுவார். ஐம்பத்தோரு வயது, பல்கலைக்கழகம் படித்தவர், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு கரண்டியால் தயிரை வழித்து விழுங்கிக்கொண்டு நிற்பார்.

"பாருங்க, நான் சாப்பிடறேன். எனக்கு என்ன ஆச்சு?"

"உனக்குச் சம்பளம் வருதும்மா, நீ சாப்பிடுவே" என்றாள் ஒரு கிழவி. "எம் பேத்திக்கு யாரு சம்பளம் தருவா?"

கூட்டம் சிரித்தது. அக்கா கரண்டியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். வண்டியில் ஏறியதும், "சிரிக்கட்டும் ஓஸ்கோன். இன்னும் மூணு மாசம், எல்லாம் மறந்துடுவாங்க" என்றார்.

வெளியே இருப்பவர்கள் மறக்கவில்லை. அதைவிட மோசமானது உள்ளே நடந்தது.

பெண்கள் கோட்டைப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். எங்கே வேலை என்று யாராவது கேட்டால், "ஒரு கம்பெனியில" என்றார்கள். விற்பனை பாதியானது. கைதேர்ந்த நாலைந்து பேர் ரஷ்யாவுக்குப் போனார்கள், சிலர் பீன்ஸ் வயலுக்குப் போனார்கள். மிச்சமிருந்தவர்களின் நடையே மாறிவிட்டது. கை கழுவும் தொட்டியருகே முன்பெல்லாம் வரிசை நிற்கும், இப்போது நேராக உள்ளே போனார்கள். தலைத்தொப்பி போடாதவளை அக்கா கண்டித்தால், "போட்டாலும் திட்டறாங்க, போடாட்டியும் திட்டறாங்க அக்கா. தலையாவது காத்தாடட்டும்" என்றாள்.

மே மாதக் கடைசியில் முதல்முறையாக வெண்ணெய் காணாமல் போனது. சபிர்குல் முகம் செத்துப்போனது. மறுநாள் அந்த அறைக்குப் பூட்டு வந்தது, அடுத்த வாரம் கதவுகளின் மேல் கேமரா வந்தது. மாலையில் அவரே வாசலில் நின்று எல்லோருடைய பையையும் திறந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. தூக்கமில்லாமல் கண் சிவந்து, பெண்களின் பைக்குள் கைவிட வெட்கப்பட்டு, தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு துழாவுவார்.

"ஊர் நம்மள விஷம் வெக்கறவன்னு சொல்லுது. இவரு திருடங்கறாரு" என்றாள் ஜிபார் என்னிடம். "இன்னும் என்ன பட்டம் பாக்கி இருக்கு ஓஸ்கோன்?"

நான் என் விஷயத்தையும் சொல்லவேண்டும். வண்டியின் குளிர்ப்பெட்டி இயந்திரம் ஓடினால் டீசல் அதிகம் குடிக்கும். பத்து வருடத்தில் ஒருநாள்கூட நான் அதை நிறுத்தியதில்லை. ஜூன் மாதம் ஒருநாள், ஊர் எல்லை தாண்டியதும் நிறுத்தினேன். கடைக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது திரும்பப் போட்டேன். மிச்சமான டீசலை என் காருக்கு ஊற்றினேன். சந்தையில் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்களுக்காக நான் ஏன் பார்த்துப் பார்த்துச் செய்யவேண்டும் என்று தோன்றியது. அப்புறம் அதுகூடத் தோன்றவில்லை. கை தானாகவே அந்தப் பொத்தானுக்குப் போனது.

ஜூலையில் ஜிபாரின் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளையின் அம்மா வந்து பெண்ணின் காதில் கம்மல் போட்டால் பேச்சு முடிந்த மாதிரி. கம்மல் போட்டாகிவிட்டது. ஜிபார் பெருமைக்கு, தேநீர் கொதிக்கும் சமோவர் பக்கத்தில் இருபது டப்பா தயிரை அடுக்கி வைத்திருந்தாள். விருந்து முடியும்வரை ஒரு டப்பாகூடத் திறக்கப்படவில்லை. சொந்தக்காரப் பெண் ஒருத்தி மிச்சத்தை நாய்க்கு ஊற்றட்டுமா என்று கேட்டாள். மாப்பிள்ளையின் அத்தை, "பாவம், நாய் என்ன தப்பு பண்ணுச்சு?" என்றாளாம். மேஜை முழுக்கச் சிரித்தது. ஜிபாரின் மகளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். இதை மறுநாள் ஜிபாரே என்னிடம் சொன்னாள். எப்போதும் கத்திப் பேசுகிறவள் அன்றைக்கு மெதுவாகப் பேசினாள்.

"எம் பொண்ணு சிரிச்சா ஓஸ்கோன். என் சம்பளத்துல படிச்சவ."

அக்காவுக்கும் போக இடம் இருந்தது. கணவாய்க்கு அந்தப் பக்கம், தலைநகர் பிஷ்கெக்கில், பெரிய ஆலை ஒன்றிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். அவர் கணவர் கெஞ்சினார். "நான் போனா என்ன சொல்லுவாங்க? ஆய்வுக்கூடக்காரியே ஓடிட்டா, அப்ப விஷயம் இருக்குன்னு சொல்லுவாங்க" என்று அக்கா நின்றுவிட்டார்.

முன்பு, செய்த தயிரை ஒருநாள் முழுக்க நிறுத்தி வைப்போம். அக்கா மாதிரி எடுத்துச் சோதனைத் தட்டில் ஊற்றி, மறுநாள் தட்டு சுத்தமாக இருந்தால்தான் வண்டியில் ஏறும். ஏப்ரலுக்குப் பிறகு கடைக்காரர்கள், "இன்னைக்குத் தேதி போட்டதுன்னா வெக்கறேன், நேத்துத் தேதின்னா யாரும் தொடறதில்ல" என்று பிடிவாதம் பிடித்தார்கள். சபிர்குல் அக்காவின் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு தட்டாவது கெட்டுப் போயிருக்கா மைராம்கான்? அன்னன்னைக்கே அனுப்பலாம். இல்லேன்னா இந்த மாசம் சம்பளத்துக்கே வழியில்ல."

அக்கா வேண்டாமென்று நாலு நாள் சொன்னார். ஐந்தாம் நாள் கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் பதினேழாம் தேதி காலை, ஏற்றுவதற்காக நான் ஆய்வுக்கூட வாசலில் காத்திருந்தேன். அக்கா கதவைத் திறந்து, "இன்னைக்கு ஏத்தாத" என்றார். குரல் சரியில்லை. உள்ளே போனேன். மேஜையில் முந்தைய நாள் தட்டுகள். நான் படிக்காதவன், ஆனாலும் அத்தனை வருடத்தில் சுத்தமான தட்டு எப்படி இருக்கும் என்று தெரியும். இவற்றில் சிவப்புப் புள்ளிகள் நெருக்கமாக முளைத்திருந்தன.

"குடல் கிருமி" என்றார் அக்கா. "நேத்து அனுப்பினதுல இருந்து எடுத்தது."

இருவரும் நிரப்பும் இயந்திரத்துக்குப் போனோம். அக்காவே முழங்காலிட்டு வளைவுக் குழாயைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டு எடுத்தார். நுனியில் வெளிர் மஞ்சளாக வழவழப்பு. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் கழுவல் பதிவேடு தொங்கியது. தினமும் நாற்பது நிமிடம், காஸ்டிக், அமிலம், தண்ணீர், ஜிபாரின் கையெழுத்து. ஒருநாள்கூட விடுபடவில்லை.

ஜிபார் வாளியோடு வந்தாள். அக்காவின் விரலைப் பார்த்ததுமே நின்றுவிட்டாள்.

"எத்தனை நாளா?" என்றார் அக்கா.

"என்ன அக்கா?"

"ஜிபார், எங்கிட்டயா?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "மூணு வாரம் இருக்கும். வெந்நீர் மட்டும் விட்டேன். வளைவைக் கழட்டல."

"ஏன்டி?"

"ஏன்னு கேட்டா எப்படிச் சொல்றது? பத்தொம்பது வருஷம் ஒழுங்காக் கழுவினேன். கை தோல் உரிஞ்சு போச்சு, பாருங்க. அப்ப என்ன சொன்னாங்க? பிள்ளைங்களுக்கு விஷம் வெச்சவன்னு சொன்னாங்க. கழுவினவளுக்கும் அதே பேரு, கழுவாதவளுக்கும் அதே பேரு. அன்னைக்கு விருந்து முடிஞ்சு வந்து குழாய் முன்னால நின்னேன் அக்கா. சோடா மூட்டையத் தூக்க முடியல. நாளைக்குச் செய்யலாம்னு போனேன். மறுநாளும் முடியல."

"இது பிள்ளைங்க சாப்பிடறது ஜிபார்."

"தெரியும்." சட்டென்று அவள் உட்கார்ந்துவிட்டாள். "யாரும் சாப்பிடறதில்லன்னு நெனச்சேன். அதான் யாரும் வாங்கறதே இல்லயே, அக்கா."

அக்கா அவளை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அவள் தோளில் கை வைத்தார், பிறகு எடுத்துவிட்டார். நேராகச் சபிர்குலின் அறைக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

சபிர்குல் கேட்டு முடித்ததும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அனுப்பிய தயிரைத் திருப்பி எடுக்கவேண்டும் என்பதில் அவருக்கும் மறுப்பில்லை. "உடனே எடுத்துடுங்க. தேதி தப்பா அச்சாயிடுச்சுன்னு சொல்லி எடுத்துடுங்க" என்றார்.

"ஏற்கெனவே வித்தது? அதை வீட்டுல வெச்சிருக்கறவங்களுக்கு யாரு சொல்றது? தேதி தப்புன்னா தின்னுட்டுப் போவாங்க."

"உண்மையச் சொன்னா ஏப்ரல்ல செஞ்சதும் நாமதான்னு ஆயிடும் மைராம்கான்."

"ஆகட்டும்."

"அறுபது குடும்பம் இருந்துச்சு. இப்ப முப்பத்தி நாலு. அதுவும் போயிடும்."

"தெரியும் சபிர்குல்" என்றார் அக்கா. "எனக்கு வேற வழி தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சாச் சொல்லுங்க."

அவர் வண்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

முந்தைய நாள் பதினாறு கடைகளுக்குப் போட்டிருந்தேன். முதல் கடையில் அக்கா கடைக்காரரிடம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். எங்கள் தயிரில் கிருமி வந்திருக்கிறது, குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், வாங்கினவர்களுக்குச் சொல்லுங்கள். ஏப்ரலில் வந்தது எங்களால் இல்லை, இது எங்களால். அந்த ஆள் கவனமாகக் கேட்டுவிட்டு அலைபேசியை எடுத்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க அக்கா, பதிவு பண்ணிக்கறேன். நாலு பேருக்குப் போய்ச் சேரட்டும்."

போய்ச் சேருவது நல்லதுதானே என்று அக்கா இன்னொரு முறை சொன்னார். முழுவதும் சொன்னார். நாலாவது கடைக்கு நாங்கள் போவதற்குள் அந்தப் பதிவு எங்களுக்கு முன்னால் போய்விட்டது. அதில் பன்னிரண்டு வினாடிதான் இருந்தது. வெள்ளைக் கோட்டில் அக்கா, "எங்க தயிர்ல கிருமி இருக்கு, பிள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க" என்கிறார். அத்தோடு முடிந்துவிடும்.

நாலாவது கடையில் கடைக்காரி டப்பாக்களைத் தெருவில் எறிந்திருந்தாள். "நாலு மாசமா எங்க மூஞ்சிக்கு நேரா நின்னு தின்னு காட்டினியே. வெக்கமா இல்ல?" என்றாள்.

"அப்ப சுத்தமா இருந்துச்சு தங்கச்சி."

"அப்ப சுத்தம், இப்ப அசுத்தமா? போ, போய் வேற யாருக்காவது கதை சொல்லு."

அக்கா குனிந்து டப்பாக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நானும் பொறுக்கினேன். வண்டியில் ஏறியதும் என்னால் அடக்க முடியவில்லை. குளிர்ப்பெட்டியை நிறுத்தியதைச் சொல்லிவிட்டேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எத்தனை நாள்?"

"பதினாலு இருக்கும். நேத்தும்தான்."

சட்டைப் பையிலிருந்து சிறிய நோட்டை எடுத்தார். "சரி, அதையும் எழுதிக்கறேன்" என்றார். எழுதும்போது வண்டி குலுங்கியது. ஓரமாக நிறுத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், போ என்றார்.

கடைசிக் கடை மலையடிவாரக் கிராமத்தில், அசில்கான் என்ற பெண்ணுடையது. பள்ளத்தாக்கிலேயே எங்கள் தாளை முழுக்கப் படித்தவள் அவள் ஒருத்திதான். ஏப்ரலுக்குப் பிறகும் ஒரு டப்பா குறைக்காமல் வாங்கினாள். "மைராம்கான் அக்கா சொன்னா எனக்குப் போதும். அவங்க பொய் சொல்ல மாட்டாங்க" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சண்டை போடுவாள். அக்கா அவளைப் பற்றிப் பேசும்போது முகம் தெளியும். அந்தக் கிராமத்தில் அலைபேசி சிக்னல் சரியாக வராது. அதனால் அந்தப் பன்னிரண்டு வினாடி அவளிடம் போயிருக்கவில்லை.

நாங்கள் வந்ததைப் பார்த்து அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். "அக்கா! நீங்களே வந்துட்டீங்களா? உள்ள வாங்க, தேநீர் போடறேன்."

"நேத்து வந்த தயிர் எங்க அசில்கான்?"

"வித்துடுச்சு. எங்க தெருவுல ஏழெட்டு வீடு நான் சொன்னா வாங்குவாங்க. மீதிய எங்க வீட்டுல சாப்பிட்டோம். சின்னவளுக்கு ரெண்டு குடுத்தேன், இன்னும் வேணும்னு அழுதா."

அக்கா கடைப் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பிறகு கிருமி விஷயத்தைச் சொன்னார். அசில்கானின் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் அப்படியே மாட்டிக்கொண்டு நின்றது.

"இல்லக்கா" என்றாள். "நீங்க பார்த்துத்தானே அனுப்புவீங்க?"

உள்ளே குழந்தை எல்னுரா படுத்திருந்தது. நாலு வயது. காலையிலிருந்து வயிறு வலிக்கிறதென்று சொல்லிக்கொண்டிருந்ததாம், வெயிலில் ஆடியதால் என்று நினைத்திருக்கிறார்கள். தூக்கினால் உடம்பு கொதித்தது. அந்தத் தெருவில் அன்று எட்டுப் பேருக்கு வந்தது, ஆறு பேர் குழந்தைகள். சந்தையில் எங்களைத் திட்டியவர்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்கள்தான் வாங்குவதே இல்லையே.

என் வண்டியிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அசில்கான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். அக்கா பின்னால், திரும்ப எடுத்த தயிர்ப் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு வந்தார். ஒன்றரை மணி நேரப் பாதை. மற்றவர்கள் மூன்று நாலு நாளில் தேறிவிட்டார்கள். எல்னுராவுக்குச் சிறுநீரகம் வரை போய்விட்டது. ஒன்பது நாள் கழித்துத்தான் அபாயம் இல்லை என்றார்கள். அந்த ஒன்பது நாளும் அக்கா மருத்துவமனைச் சுற்றுச்சுவருக்கு வெளியே இருந்த பலகையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வர அசில்கானின் கணவர் விடவில்லை.

சுகாதார அலுவலகத்துக்கு அக்காவே போனார். யாரும் கூப்பிடும் முன்பே போனார். நோட்டைத் திறந்து வைத்து எல்லாவற்றையும் சொன்னார்: குழாய், பதிவேடு, குளிர்ப்பெட்டி, அன்றன்றே அனுப்ப அவர் போட்ட கையெழுத்து. ஜிபாரின் பெயரை மட்டும் சொல்லத் தயங்கினார். கூடவே வந்திருந்த ஜிபார் பக்கத்து நாற்காலியிலிருந்து, "நான்தான், எழுதிக்குங்க" என்றாள்.

அதிகாரி இளம் வயதுக்காரர், மரியாதையாகவே பேசினார். எழுதி முடித்ததும் அக்கா கேட்டார்.

"தம்பி, இதுல ஒரு வரி சேருங்க. ஏப்ரல்ல நடந்தது எங்களால இல்லேன்னு உங்க ஆபீசே குடுத்த தாள் இருக்கு. அது இன்னும் செல்லும்னு ஒரு வரி."

"அது வேற கோப்பு அக்கா. முடிச்சாச்சு."

"முடிஞ்சதுதான். ஆனா அதுவும் நாங்கதான்னு எல்லாரும் சொல்றாங்க."

"சொல்றவங்க வாயை நான் எப்படி மூட முடியும்? இந்தத் தாள்ல ஆகஸ்ட் மட்டும்தான் வரும். ஏப்ரல எழுத இதுல இடமில்ல."

அக்கா பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார்.

செப்டம்பரில் ஆலை மூடப்பட்டது. இந்த முறை கொடுத்த தாளைப் பள்ளத்தாக்கில் படிக்காதவர் இல்லை. மருத்துவமனை வாசலில் அழுத அந்த அப்பா இன்னொரு பதிவு போட்டார். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். தெரியாமல் சொல்கிறார், பொய் சொல்லவில்லை. அக்கா அவர் வீட்டுக்கே போய்ப் பழைய தாளைக் காட்டினார். அவர் அதை வாங்கி, பார்த்து, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பரவாயில்ல அக்கா, மன்னிச்சுட்டேன்" என்றார். திரும்பி வரும்போது அக்கா, "அவர் எதை மன்னிச்சாரு ஓஸ்கோன்?" என்று என்னைக் கேட்டார். நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

ஜிபார் மகளின் கல்யாணம் நின்றுபோனது. ஜிபார் தன் கணவனோடு கஜகஸ்தானுக்கு வேலைக்குப் போய்விட்டாள், எங்கே என்று சொல்லவில்லை. சபிர்குல் கட்டடத்தைப் பீன்ஸ் வியாபாரிக்கு விற்றார். எனக்கு அந்த வியாபாரியிடமே வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. அக்காவைப் பிஷ்கெக் ஆலை மறுபடி கூப்பிடவில்லை. இப்போது அவரும் அதே கட்டடத்தில்தான், முப்பது பெண்களோடு நீள மேஜையில் உட்கார்ந்து பீன்ஸில் கல் பொறுக்குகிறார்.

போன குளிர்காலம் முழுக்க, சனிக்கிழமை தோறும் அசில்கானின் கிராமத்துக்கு என்னோடு வருவார். மூட்டை ஏற்ற நான் அந்தப் பக்கம் போவேன். அக்கா கடைக்கு எதிரே, சாலையின் இந்தப் பக்கத்தில் நிற்பார். உள்ளே போகமாட்டார். எல்னுரா வெளியே வந்து பனியில் விளையாடினால் பார்த்துவிட்டு வந்து வண்டியில் ஏறுவார். வராவிட்டால் அதிக நேரம் நிற்பார்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் அசில்கானே சாலையைத் தாண்டி வந்தாள். மெலிந்திருந்தாள். கோபமாக இல்லை.

"குழந்தை நல்லா இருக்கா அக்கா. டாக்டர் மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டாரு."

"நல்லது, நல்லது" என்றார் அக்கா.

"ஏப்ரல் விஷயம் நீங்க சொன்னதுதான் உண்மைன்னு எனக்குத் தெரியும். நான் படிச்சேன்."

அக்கா தலையாட்டினார்.

"ஆனா நான் இப்ப அதை யாருகிட்டயும் சொல்றதில்ல. சொன்னா எங்க தெருவுல என்னைத்தான் கேக்கறாங்க, உன் பேச்சக் கேட்டுத்தானே வாங்கினோம்னு." அசில்கான் கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டாள். "நீங்க இங்க வந்து நிக்கறப்பல்லாம் அவங்க சன்னல் வழியாப் பார்க்கறாங்க. இனிமே வராதீங்க அக்கா."

"சரிம்மா" என்றார் அக்கா.

அவள் திரும்பிப் போய்க் கடைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா வண்டியில் ஏறி, பூட்ஸில் ஒட்டிய பனியைப் படியில் தட்டிவிட்டுக் கதவை இழுத்தார். நான் வண்டியைக் கிளப்பினேன். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை.